யாருக்கும் ஏற்றாத ரத்தம்

"ஏம்மா, இது யாருக்குப் போவுது?"

என் மச்சான் தங்கராசு இதைக் கேட்டபோது, அவனுடைய இடது கையிலிருந்து குழாய் வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு பை மெதுவாக உப்பிக்கொண்டிருந்தது. பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வெயில் காலம். ஃபேன் காற்றே சுட்டது. பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரோ தக்காளி சாதம் பிரித்திருந்தார்கள். டெட்டாலும் தக்காளியும் கலந்த அந்த வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன்.

நர்ஸுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "யாருக்கும் போவாதுங்க சார். இத அழிச்சிருவோம்."

"அழிச்சிருவீங்களா?"

"உங்களுக்கு ரத்தத்துலதானே சார் நோவு. அடுத்தவங்களுக்கு ஏத்தக் கூடாது. மருந்து ஊத்தி வீசிருவாங்க."

மச்சான் குனிந்து பையைப் பார்த்தான். அரியலூர் பக்கம் அரசு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் அவன். டிப்போவில் யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் ஆபரேஷன் என்றாலும் முதல் போன் அவனுக்குத்தான் போகும். முப்பது தடவைக்கு மேல் ரத்தம் கொடுத்தவன். காக்கிச் சட்டையைக் கழற்றாமலே போய்ப் படுத்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் தரும் பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த டிரிப்புக்கு வந்துவிடுவான்.

அவன் முகம் வாடியதைப் பார்த்ததும் நான் என் வேலையைச் செய்தேன். "விடு மச்சான். உன் ரத்தத்த கொசுவுக்காவது குடுக்கலாம்னு கேட்டுப் பாத்தேன். அதுங்களும் சங்கம் கூடிப் பேசி வேணாம்னுடுச்சு."

நர்ஸ் சிரித்தாள். தக்காளி சாதக்காரர் சிரித்தார். மச்சானும் சிரித்தான். பை நிறைந்தது.

அந்த அறையில் சிரித்தவர்களில் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்திருந்தது. இத்தனை வாரமாக என் அசட்டுத்தனங்களை எல்லாம் இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதிவிட்டேன். இதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

மச்சான் உறவு

எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் பேசினால் அது கேலியாகத்தான் இருக்க வேண்டும். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அப்படித்தான். இரண்டு பேரும் நேராக, ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் போகிறவர்கள் நின்று, "என்னாப்பா, பங்கு பிரிக்கிறதுல தகராறா?" என்று கேட்பார்கள்.

என் மனைவி வளர்மதியின் அண்ணன் அவன். என்னைவிட ஆறு மாதம் பெரியவன். கல்யாணம் முடிந்த பத்தாவது நாளே 'வாங்க, போங்க' எல்லாம் போய்விட்டது. மறுவீட்டு விருந்தில் என் இலையில் கறியை அள்ளிப் போட்டுவிட்டு, "நல்லா தின்னு மாப்ள. தங்கச்சிய திருப்பிக் கொண்டாந்தா நான் வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றான். "சாமான் பழசுன்னு எனக்கு யாரும் சொல்லலியே மச்சான்" என்றேன். என் மாமியார் உட்பட பந்தி முழுக்கச் சிரித்தது. வளர்மதி மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அவனிடம் ஒரு தடவைகூட நான் நேராக ஒரு வாக்கியம் பேசியதாக நினைவில்லை. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. நேராகப் பேசுவதென்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாக்கு உலர்ந்துவிடும்.

பூட்டு சார்

நான் வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் பூட்டு சார். காரணம் இருக்கிறது.

ஹார்மோன் பாடம் வரும்போதெல்லாம் பையிலிருந்து ஒரு பூட்டையும் சாவிக்கொத்தையும் எடுப்பேன். "ஹார்மோன்ங்கறது சாவி. செல்லு மேல இருக்கற ஏற்பிங்கறது பூட்டு. ரத்தத்துல ஆயிரம் சாவி சுத்தும். இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவிதான்." ஒரு வருஷம் சாவி உள்ளேயே மாட்டிக்கொண்டு வரவில்லை. இழுத்த இழுப்பில் மேஜையோடு சேர்ந்து நானும் சாய்ந்தேன். அந்த வருஷம் அந்தப் பாடத்தில் ஒருவன்கூட ஃபெயில் இல்லை.

எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனையும் அப்படித்தான் நடத்தினேன். சிறுநீரகத்தில் சுரக்கும். எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லும். ஒரு மார்க் கேள்வி. மறக்காமல் எழுதினால் முழு மார்க். அதற்கு மேல் அதைப் பற்றி யோசித்ததில்லை. பூட்டு திறந்த பிறகு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

பத்தொன்பது

ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். வளர்மதிக்குத் தலைசுற்றல். ரத்தச் சோகைதான், எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு இருப்பதுதான். பெரம்பலூரில் ஒரு லேபுக்குக் கூட்டிப் போனேன். ஊரிலிருந்து வந்திருந்த மச்சானும் கூட வந்தான்.

"நானும் குடுத்துப் பாக்கறேன் மாப்ள. ஒரு வருஷமா ஷிப்டு மாறி மாறி வந்ததுல ரத்தமே குடுக்கல. தலை கனமா இருக்கு. குளிச்சா ஒடம்பெல்லாம் ஊசி குத்தற மாதிரி அரிக்குது" என்றான்.

"அது தண்ணியப் பாத்த அதிர்ச்சி மச்சான். பழக்கமில்லாத ஒடம்பு."

இரண்டு ரிப்போர்ட்டும் சாயங்காலம் என் போனுக்கு வந்தன. வளர்மதிக்கு ஹீமோகுளோபின் எட்டு. மச்சானுக்குப் பத்தொன்பதுக்கு மேல்.

வீடே சிரித்தது. எல்லோரும் இரும்புச் சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையுமாக எண்ணிக்கையை ஏற்றப் பாடுபடுகிற ஊரில், பத்தொன்பது என்பது பரிசு வாங்கிய மாதிரி. குறைந்தால் நோய் என்று எங்களுக்குத் தெரியும். கூடினால் நோய் என்று யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? "அண்ணன் மொதல்ல பொறந்து எல்லாத்தையும் உறிஞ்சிட்டான், அதான் எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் வளர்மதி.

"மாப்ள, நீதான் படிச்சவன். முழுசா பாத்துச் சொல்லு, எல்லாம் சரியா இருக்கா?"

பார்த்தேன். ஹீமோகுளோபின் மட்டுமில்லை. தட்டணுக்கள், வெள்ளணுக்கள், மூன்றுக்கும் பக்கத்தில் அதிகம் என்று குறி போட்டிருந்தது. அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி: உடனே மருத்துவரைப் பார்க்கவும்.

என் மண்டைக்குள் ஏதோ ஒன்று லேசாகத் தட்டியது. சத்தியமாகத் தட்டியது. ஆனால் அதற்குள் நக்கல் நாக்குக்கு வந்துவிட்டது.

"எல்லாம் அமோகமா இருக்கு. டாக்டர்ட்ட மட்டும் காட்டிராத மச்சான், ஆஸ்பத்திரியிலயே கட்டி வச்சுக் கறப்பாங்க."

அவன் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தான். அடுத்த நாள் அரியலூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அந்தக் கடைசி வரியை நான் அவனுக்குப் படித்துக் காட்டவே இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேனா, மறந்தேனா? இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். மறக்கவில்லை. சிரிப்பு வந்த பிறகு அதைக் கெடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

சட்டை பட்டன்

இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது மச்சானுக்குச் சட்டை பட்டன் போட வரவில்லை. "ஏய், இங்க வா. கை கேக்க மாட்டேங்குது" என்று மனைவியைக் கூப்பிட்டிருக்கிறான். ராஜேஸ்வரி அக்கா ஓடி வந்து பார்க்கும்போது வலது கை துணி மாதிரி தொங்கியது, வலது காலும் இழுத்தது.

திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. ரத்தம் பாகு மாதிரி கெட்டியாக இருந்ததால் வந்தது என்றார் டாக்டர். பொறுமையான மனுஷன். எதையோ எழுதிக்கொண்டே கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்காரா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரத்தத்த அப்பப்ப எடுத்துவிட்டு, ஒரு சின்ன மாத்திரை குடுத்திருந்தாலே இந்த அடைப்பு வராம இருக்க நெறைய வாய்ப்பு இருந்திருக்கும்."

அக்கா யோசித்தார். "இல்லங்க. ரத்தம் குடுக்கத்தான் போவாரு. டெஸ்ட்டுன்னு தனியா எதுவும் பண்ணுனதில்லங்க." அந்தப் பொங்கலுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மச்சானும் வளர்மதியும் அந்தப் பத்தொன்பதை ஒரு ஜோக்காக மட்டும்தான் நினைவில் வைத்திருந்தார்கள். ரிப்போர்ட் என் போனைத் தாண்டிப் போகவில்லை.

டாக்டர் என்னைப் பார்த்தார். எதற்கும் வாயை மூடாத நான் அன்றைக்கு மூடிக்கொண்டேன்.

மச்சானின் கால் தேறியது. கை முக்கால்வாசி தேறவில்லை. ஸ்டீயரிங் பிடிக்கிற கை.

விசில்

பிறகு இன்னொரு டெஸ்ட் வந்தது. ஜாக்-2 என்ற புரதத்தில் மாற்றம் இருக்கிறது என்றார்கள். "லாரிக்கு வைப்போமே, அந்த ஜாக்கியா?" என்றான் மச்சான். டாக்டரும் சிரித்துவிட்டார். "சார் வாத்தியார்தானே, அவரே சொல்லுவார்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

என் பூட்டும் சாவியும் அங்கே எடுபடவில்லை. கதவைப் பற்றி மட்டும் தெரிந்தவன் நான். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். வேலையில் சேர்ந்த பிறகு நான் உண்மையாகப் படித்தது அந்த வாரம்தான். அப்புறம் மச்சானுக்கு அவன் பாஷையிலேயே சொன்னேன்.

"செல்ல ஒரு பஸ்ஸுன்னு வச்சுக்க. ஏற்பிங்கறது படிக்கட்டுல தொங்கற கண்டக்டர். பாதி ஒடம்பு வெளிய, பாதி உள்ள."

"எந்நேரமும் தொங்கிட்டுத்தான் வருவானுங்க. சொல்லு."

"முன் படிக்கட்டுல ஒருத்தன், பின் படிக்கட்டுல ஒருத்தன். சிறுநீரகத்துலேர்ந்து வர்ற ஹார்மோன் ரோட்டுல நிக்கற பயணி. அவன் பஸ்ஸுக்குள்ள ஏறவே மாட்டான். ரெண்டு கண்டக்டரையும் தொட்டுச் சேத்து வைப்பான், அவ்வளவுதான். உடனே அவங்க வாயில இருக்கற விசில் ஊதும். அந்த விசில்தான் ஜாக்-2. ரெண்டு விசில் கேட்டா நீ என்ன பண்ணுவ?"

"ரைட்டுன்னு எடுப்பேன்."

"திரும்பிப் பாப்பியா, ஆள் ஏறிட்டானா இல்லியான்னு?"

"நான் ஏன் பாக்கணும்? விசில் அடிச்சா எடுக்க வேண்டியதுதான்."

"அதேதான். செல்லுக்குள்ளயும் சேதி கைமாறிக் கைமாறி நடுவுல இருக்கற கருவரைக்கும் போவும். 'சிவப்பணு பண்ணு'ன்னு உத்தரவாவும். பயணி போயிட்டா விசிலும் நின்னுரும். உனக்கு என்னா ஆச்சுன்னா, எலும்புக்குள்ள ஏதோ ஒரு செல்லுல அந்த விசில் கெட்டுப் போச்சு. ரோட்டுல ஆளே இல்ல, தானா ஊதுது. அந்த ஒரு செல்லு ஊர் முழுக்கப் பெருகிருச்சு."

மச்சான் இடது கையால் காற்றில் ஸ்டீயரிங்கைத் திருப்பினான். "அப்ப ஸ்டாப்பிங்ல ஆளே இல்லாம பஸ்ஸு போயிட்டே இருக்குது."

"ஆமா."

"டிரைவர் மேல தப்பில்ல."

"இல்ல."

"நான் குடுத்த ரத்தமெல்லாம்? வாங்குனவங்களுக்கு ஏதாச்சும் ஆவுமா?"

டாக்டரிடம் அதை முன்பே கேட்டு வைத்திருந்தேன். பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தார். அத்தனை தடவை ரத்தம் கொடுத்ததுதான் இந்த நோயை இவ்வளவு நாள் அமுக்கி வைத்திருக்கும் என்றும் சொன்னார். கொடுப்பதை நிறுத்திய வருஷம்தான் தலை கனத்திருக்கிறது. மச்சானிடம் அதையும் சொன்னேன். "அப்ப நான் குடுத்ததெல்லாம் தானமில்ல, வைத்தியம்" என்றான்.

நார்

அதற்கப்புறம்தான் அந்தப் பெரம்பலூர் ஆஸ்பத்திரி. அரியலூரிலிருந்து மச்சான் வருவான், நான் பஸ் ஸ்டாண்டில் கூட்டிக்கொள்வேன், கட்டிலில் படுப்பான், பை நிறையும். நர்ஸ் சொன்ன அந்தப் பதிலுக்குப் பிறகு அவன் எப்போதும் பையைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுத்தான்.

சில வருஷம் அப்படியே போனது. பிறகு ஒரு தடவை டாக்டர், "இனிமே எடுக்க வேண்டாம்" என்றார். நல்ல செய்தி என்று நினைத்து நான் பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். முட்டாள். ரத்தம் தானாகக் குறைய ஆரம்பித்திருந்தது. எலும்புக்குள் மஜ்ஜை இருந்த இடத்தில் நார் படிந்துகொண்டு வந்தது.

இதையும் படித்தேன். செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக்கொள்ளும். காய்ச்சல் வர வை, புண்ணை ஆற்று, பசியை அடக்கு என்று துண்டுச் சீட்டு மாதிரி அனுப்பும். சைட்டோகைன் என்று பெயர். கெட்டுப்போன செல்கள் அவற்றை வாரி இறைக்கின்றன. நல்ல செல்கள் அதை உண்மை என்று நம்பி நாரை நெய்துகொண்டே போகின்றன. இல்லாத புண்ணுக்கு ஓயாமல் தழும்பு போடுகின்றன. எலும்பில் இடமில்லாமல் ரத்தம் தயாரிக்கும் வேலை மண்ணீரலுக்குப் போக, மச்சானின் இடது வயிறு பலாக்காய் மாதிரி வீங்கியது. உடம்பு மட்டும் குச்சியாகிக்கொண்டு வந்தது. அவனுக்கு வியர்த்து வியர்த்து சட்டை நனையும்.

விசிலின் வாயை அடைக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது. கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் வயிறு வற்றியது, அரிப்பு நின்றது. ஒரு நாள் இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்து எலும்பை உறிஞ்சும் சத்தத்தைக் கேட்க வைத்தான். ஆனால் அந்த மாத்திரைக்கு நல்ல விசில், கெட்ட விசில் என்று பார்க்கத் தெரியாது. எல்லா வாயையும் அடைக்கும். ரத்தம் இன்னும் இறங்கியது. அதே கட்டிலில் படுத்து இப்போது மற்றவர்களின் ரத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அப்புறம் மாத்திரையும் கேட்காமல் போனது. வயிறு மறுபடி வீங்கியது. மஜ்ஜை மாற்றுகிற வயதும் உடம்பும் இல்லை என்றார் டாக்டர்.

அரியலூரில் ஒரு மத்தியானம்

கடைசியாகப் பார்த்தது அவன் வீட்டில். சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டிலிருந்து புழுதி வந்துகொண்டே இருக்கும். அக்கா ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டியிருந்தார். மச்சான் பிளாஸ்டிக் நாற்காலியில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். அக்கா அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

போகும் வழி முழுக்க பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் நடிக்கிறவனுக்கு ஒரே ஒருவன் முன்னால் ஒத்திகை எல்லாம் மறந்துபோனது.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அன்னிக்கு லேப் ரிப்போர்ட் வந்துச்சுல்ல, பத்தொம்போதுன்னு. அதுல அடியில ஒரு வரி இருந்துச்சு. உடனே டாக்டரப் பாக்கணும்னு. நான் பாத்தேன். உங்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா உன் கை போயிருக்காது. அப்பறம் திருச்சியில டாக்டர் கேட்டப்பவும் வாயத் தெறக்கல."

மச்சான் என்னையே பார்த்தான். கண் மஞ்சளித்திருந்தது. என் முகத்தில் எதையோ தேடினான். எத்தனை வருஷமாக இந்த முகத்தைப் பார்க்கிறான். தேடியது கிடைத்த மாதிரி, உதட்டோரம் மெல்ல விரிந்தது.

"அட நாயே" என்றான். "நான் போற நேரத்துலகூட உன் நக்கல் போகலியாடா?"

"மச்சான், நெசமா."

"நெசமாவா! நீ என்னிக்கிடா நெசம் பேசுன?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலித்திருக்க வேண்டும், நல்ல கையால் இடது விலாவைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, சிரிக்க வைக்காதடா, வலிக்குது. ஏய் ராஜேஸு, இங்க வந்து கேளு. உன் தம்பி என்னையக் கொன்னுட்டானாம்!"

அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். மச்சான் சிரிப்பதைப் பார்த்தார். அவன் சிரித்து எத்தனை வாரமாகியிருக்கும் என்று தெரியவில்லை. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "நீங்க அடிக்கடி வாங்க தம்பி. நீங்க வந்தாத்தான் இவரு மொகத்துல சிரிப்பே வருது" என்றார்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லு மாப்ள. அந்த மூஞ்சிய அப்படியே வச்சுக்கிட்டுச் சொல்லு" என்றான்.

நான் சொல்லவில்லை. நானும் சிரித்தேன்.

பதினேழாவது நாள் மச்சான் போய்விட்டான்.

ராஜேஸ்வரி அக்கா இந்தத் தொடரை வாரம் தவறாமல் படிப்பவர். படித்து முடித்த கையோடு போன் செய்வார். "இந்த வாரமும் சிரிச்சு சிரிச்சு முடியல தம்பி" என்பார். இந்த வாரம் அவர் போன் செய்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவர் சிரித்தாலும் தெரியவில்லை. சிரிக்காவிட்டாலும் தெரியவில்லை.